செர்வா அழித்த முன்னூற்றுப் பன்னிரண்டு செய்திகள்

என் மனைவி செர்வா இறந்தவர்களுக்குப் போஸ்டர் அடித்துப் பிழைத்தாள். டெச்சிமான் ஊர் லாரி நிலையத்துக்கு எதிரே, செல்போன் பழுது பார்க்கும் ரஹினாவின் பெட்டிக்கடையை ஒட்டி, பதினோரு வருடம் அந்தக் கடை இருந்தது. ஊரில் எந்த மின்கம்பத்தைப் பார்த்தாலும் அவள் கைவேலை தெரியும். சிவப்பும் கறுப்புமாகக் கரை, நடுவில் முகம், கீழே பெயர், வயது, பிறந்த தேதி, அம்மாவின் பெயர், சொந்த ஊர், பிள்ளைகளின் பெயர்கள், துக்கம் விசாரிக்க வேண்டியவர்களின் போன் எண்கள். விட்டுப்போனது என்று எதுவும் இருக்காது. விட்டுப்போனால் சண்டைக்கு வருவார்கள்.

படங்கள் வாட்ஸ்அப்பில்தான் வரும். ஒவ்வொரு முகமும் கடைக் கம்ப்யூட்டரில் திறக்கும்போது அவள், "வாங்க, தண்ணி குடிச்சீங்களா?" என்று கேட்பாள். உயிரோடு இருக்கிறவர்களுக்கு எழுதும்போதும் அப்படித்தான் தொடங்குவாள். நான் கேலி செய்திருக்கிறேன்.

"பதில் சொல்லிட்டாங்கன்னா என்ன பண்ணுவே?"

"சொன்னா ஒரு டம்ளர் கொடுப்பேன். உன்ன மாதிரி கணக்கு வாத்தியாருக்கெல்லாம் அது புரியாது."

எங்கள் பக்கத்தில் சாவைப் போனில் சொல்வதில்லை. குடும்பத் தலைவர் நேரில் வர வேண்டும். சேதி கேட்க வேண்டியவரை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, அவர் குடித்த பிறகுதான் வாய் திறக்க வேண்டும். அதுவரை இறந்தவர் 'ஊருக்குப் போயிருக்கிறார்'. ஆனால் போஸ்டருக்கு நாள் பிடிக்கும். அதனால் பெற்ற தாய்க்குத் தெரிவதற்கு நான்கைந்து நாள் முன்பே செர்வாவுக்குத் தெரிந்துவிடும். தெரிந்துகொண்டு அதே தாயிடம் சந்தையில் கிழங்கு விலை கேட்டுவிட்டு வருவாள். என்னிடம்கூடச் சொல்ல மாட்டாள். யார் இறந்தார்கள் என்று ஊரார் எல்லாரையும் போல நானும் மின்கம்பத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன். அவள் கடையில் விற்றது காகிதம் இல்லை, அந்த மௌனம். அது ஒருமுறை உடைந்தால் கடை அன்றோடு போச்சு.

அந்த ஆகஸ்ட் மாதம் பள்ளி விடுமுறை. திங்கட்கிழமையிலிருந்து அவள் போன் சரியில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

"புதுசா வர்ற செய்தியெல்லாம் நான் பாக்கறதுக்கு முன்னாடியே பாத்த மாதிரி காட்டுது."

"நீ பாத்துட்டு மறந்திருப்பே."

"சேவல் கூவறப்ப வந்த செய்தி. நான் எழுந்திரிக்கவே இல்ல. அதையும் யாரோ படிச்சிருக்காங்க."

செவ்வாய்க்கிழமை, இறந்துபோன ஒரு நெசவாளியின் படத்தை அவள் திறக்கும் முன்பே அதன் கீழே, "வாங்க, தண்ணி குடிச்சீங்களா?" என்று எழுதியிருந்தது. அவள் எழுதவில்லை. படத்தை அனுப்பிய மகன், "குடிச்சோம் அக்கா" என்று பதில் போட்டிருந்தான். அவள் அந்தப் போனைத் தராசுத்தட்டு போலக் கையில் ஏந்திக்கொண்டு என்னிடம் வந்து காட்டினாள். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் கேள்வி மட்டும் திரையிலிருந்து போய்விட்டது. பதில் தனியாக நின்றது.

"இத்தனை வருஷமா கூப்பிட்டேன் இல்ல, அவங்கதான் வந்துட்டாங்க" என்றாள். சிரிப்பதற்காகச் சொன்னாள். சிரிக்கவில்லை.

வியாழக்கிழமை பகல் நாங்கள் வீட்டு முற்றத்தில் ஃபூஃபூவுக்காக அவித்த கிழங்கை இடித்துக்கொண்டிருந்தோம். நான் உலக்கை போட, அவள் உரலுக்குள் மாவைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவள் போன் உள்ளே சார்ஜில் கிடந்தது. என் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தேன். அனுப்பியவள் செர்வா.

"வாத்தியாரே, தண்ணி குடிச்சியா?"

எதிரே பார்த்தேன். முழங்கை வரை மாவோடு அவள் குனிந்திருந்தாள்.

"எதுக்கு நிறுத்திட்டே? மாவு ஆறுது."

மறுபடி அதிர்ந்தது. "உன் போனுக்கு இப்ப ஒரு எண் வரும். அத அப்படியே எனக்கு அனுப்பு. அவசரம்."

நான் போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன். அவள் படித்தாள். மாவுக் கையை உரலுக்குள்ளேயே வைத்துக்கொண்டு இன்னொரு முறை படித்தாள்.

"இது நான்தான்" என்றாள். "நான் எழுதற மாதிரியேதான் இருக்கு, ஒதுரோ."

கையைக் கழுவாமலேயே உள்ளே ஓடினாள். அவள் போனில் மற்ற உரையாடல்களும் திறந்து கிடந்தன. யாரோ அலமாரி அலமாரியாகத் திறந்து பார்த்துவிட்டு மூட மறந்தது போல. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பெயர்: அக்யா அம்மா. லாரியில் வடக்கே போய்க் கிழங்கு கொள்முதல் செய்பவர். ரத்தக் கொதிப்புக்காரர். நான்கு வருடம் முன்பு கணவரின் போஸ்டருக்காகக் கடைக்கு வந்தவர். அவருக்குச் செர்வாவின் எண்ணிலிருந்து ஒரு செய்தி போயிருந்தது. நேரம் பன்னிரண்டே முக்கால்.

"அம்மா, தண்ணி குடிச்சீங்களா? அசியாமாவோட போஸ்டர்ல உங்க பேரு எப்படிப் போடணும்? உங்க பிறந்த தேதி, உங்க அம்மா பேரு, ஊரு எல்லாம் அனுப்புங்க."

அசியாமா அக்யா அம்மாவின் ஒரே மகன். லாரி ஓட்டுபவன். நான் போன வாரம்தான் அவனைப் பார்த்துக் கையசைத்திருந்தேன்.

"அசியாமாவா?" என்றேன்.

செர்வா தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை பாலத்தில் லாரி கவிழ்ந்திருக்கிறது. குடும்பத் தலைவர் ஒபுவோபி, அவனுடைய தாய்மாமன், செவ்வாய்க்கிழமை வந்து சொல்லிவிட்டு, படத்தையும் விவரத்தையும் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். அக்யா அம்மா வடக்கிலிருந்து வெள்ளிக்கிழமை லாரியில் வருவார், வந்து ஒரு ராத்திரி தூங்கட்டும், சனிக்கிழமை காலையில் மருந்து கொடுத்துவிட்டு நானே சொல்கிறேன், அதுவரை காற்றுக்கும் தெரியக் கூடாது என்று சொல்லிப் போயிருக்கிறார்.

செய்திக்குப் பக்கத்தில் ஒரே ஒரு சாம்பல் குறிதான் இருந்தது. போய்ச் சேரவில்லை. கிழங்குக் காடுகளில் எங்கேயோ அக்யா அம்மாவின் போன் அணைந்து கிடந்தது. உயிர் வந்ததும் அது பேசிவிடும்.

ரஹினாவின் கடைக்கு ஓடினோம். அவள் ஒரு போனைப் பிளந்து வைத்துக்கொண்டு வறுத்த வாழைக்காய் தின்றுகொண்டிருந்தாள். செர்வாவின் கையைப் பார்த்து, "என்ன அக்கா, சோத்த பாதியில விட்டுட்டு வந்திருக்கே? வாத்தியார் அடிச்சுட்டாரா?" என்றாள். பிறகு எங்கள் முகத்தைப் பார்த்துத் தட்டை நகர்த்தி வைத்தாள்.

முதலில் அந்தச் செய்தியை அழித்தாள். "எல்லாருக்கும் அழி" என்று ஒன்று இருக்கிறது. வார்த்தைகள் போய்விட்டன. 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்ற வரி மட்டும் நின்றது.

"இதுவும் போகணும்" என்றாள் செர்வா.

"உன் போன்ல மட்டும்னா தடமில்லாம அழிக்கலாம். அவங்க போன்ல இது போகாது அக்கா. எழுதினது போயிடும். எழுதினாங்கன்றது போகாது."

அதைச் சொல்லி முடிப்பதற்குள் புதிதாக ஒன்று முளைத்தது. "அம்மா, இருக்கீங்களா?" நாங்கள் மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருக்கிறோம். யார் விரலும் திரைமேல் இல்லை. ரஹினா அதையும் அழித்தாள். பிறகு எங்கோ உள்ளே போய் ஒரு பட்டியலைத் திறந்தாள். இந்தக் கணக்கு எந்தெந்தக் கம்ப்யூட்டரோடு இணைந்திருக்கிறது என்று காட்டும் பட்டியல்.

"உன் கடையில எத்தனை கம்ப்யூட்டர்?"

"ஒண்ணு. உனக்குத் தெரியாதா?"

"இங்க ரெண்டு இருக்கே."

ஒன்று கடையில் இருப்பது. அன்று கடை மூடியிருந்ததால், கடைசியாக நேற்று மாலை என்று காட்டியது. இரண்டாவதற்குக் கீழே, 'இப்போது செயல்பாட்டில்' என்று இருந்தது. எங்கேயோ ஒரு அறையில் இன்னொரு கடை இருந்தது. அதே முகங்கள், அதே அசியாமா. அதன் முன்னால் யாரோ உட்கார்ந்து வருகிறவர்களையெல்லாம் தண்ணீர் குடித்தீர்களா என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

ரஹினா அதைத் தொட்டு வெளியேற்றினாள். அவ்வளவுதான். ஒரு விரல் வேலை. பட்டியலில் ஒன்றே ஒன்று மிஞ்சியது.

"இது தானா வராது அக்கா. நீதான் கதவத் தொறந்திருக்கணும். யாராச்சும் போன் பண்ணி ஒரு குறியீட்டப் போடச் சொன்னாங்களா?"

செர்வா கையில் காய்ந்திருந்த மாவைச் சுரண்டினாள்.

"அக்கா, உன்னத்தான்."

"அத சொல்லக் கூடாது."

"ஏன்?"

"ஒரு வீட்டு சாவு. இன்னும் வெளிய சொல்லல."

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வந்தது. திங்கட்கிழமை காலை ஒருவர் அழைத்திருக்கிறார். மெதுவான குரல். செர்வாவின் அம்மா பெயரைச் சொல்லி, 'அவங்க மகதானே' என்று கேட்டிருக்கிறார். அம்மாவின் ஊர், பிறந்த நாள், உடன்பிறந்தவர்கள் எல்லாம் தெரிந்திருக்கிறது. பெரிய வீட்டில் ஒரு சாவு, பெயர் இப்போது சொல்ல முடியாது, படங்கள் வெளியே கசியக் கூடாது, அதற்காக ஒரு பூட்டு வைத்திருக்கிறோம், எட்டு எழுத்துச் சொல்கிறேன், உன் போனில் போடு, யாரிடமும் சொல்லாதே என்றிருக்கிறார். இவள் போட்டிருக்கிறாள். யாரிடமும் சொல்லவில்லை. அன்று இரவே போன் சரியில்லை என்று என்னிடம் சொன்னவள் இதை மட்டும் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை அந்தக் கேள்வி எங்கள் கண்முன் மறைந்தபோதும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதுதான் அவள் தொழில்.

"அந்த வீட்டுல படம் எதுவும் அனுப்பலியே, அதுதான் இன்னும் காத்துட்டு இருக்கேன்" என்றாள்.

"அக்கா, அங்க யாரும் சாகல. உன் பேர்ல மத்தவங்க கணக்கையும் திருடப் பாக்கற ஆளு அவன்" என்றாள் ரஹினா.

"எங்கம்மா பத்தி அவருக்கு எல்லாம் தெரியுமே?"

ரஹினா கையிலிருந்த திருப்புளியால், மூடியிருந்த கண்ணாடிக் கதவு வழியே, எங்கள் கடைச் சுவரைக் காட்டினாள். அங்கே கண்ணாடிச் சட்டத்துக்குள் செர்வாவின் அம்மா சிரித்துக்கொண்டிருந்தார். செர்வா அடித்த முதல் போஸ்டர். பெயர், ஊர், பிறந்த தேதி, மக்கள், போன் எண். வாசலில் நின்றாலே படிக்கலாம். செர்வா திரும்பி லாரி நிலையத்தைப் பார்த்தாள். எதிரே இருந்த ஒவ்வொரு கம்பத்திலும் மூன்று நான்கு முகங்கள். ஒவ்வொன்றும் தன் தாயின் பெயரையும் பிறந்த நாளையும் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தது. இத்தனை வருடமாக அவள்தான் அவர்களைப் பேச வைத்திருந்தாள்.

அவளுக்கு அப்போது அதைப் பற்றி யோசிக்க நேரமில்லை. "நாளைக்கு அந்தம்மா போனத் தொறப்பாங்க" என்றாள். "போஸ்டர் அடிக்கிறவகிட்டருந்து செய்தி வந்து அழிஞ்சிருந்தா, என்னன்னு நெனப்பாங்க?"

பதில் ஒன்றுதான்.

"அவங்களுக்கு மட்டும் வந்தாத்தானே அப்படி?" என்றாள் செர்வா. "எல்லாருக்கும் வந்திருந்தா?"

மதியம் மூன்று மணிக்குத் தொடங்கினோம். முன்னூற்றுப் பன்னிரண்டு பேர். ஒரு புள்ளி வைத்து அனுப்ப வேண்டும், உடனே அழிக்க வேண்டும். நான் கடைக் கம்ப்யூட்டரில், அவள் போனில். ரஹினா ஒரு அட்டையில் பெயர்களை அடித்துக்கொண்டே வந்தாள். நடுவில் என் போன் ஒருமுறை அதிர்ந்தது. எடுத்துப் பார்ப்பதற்குள் அழிந்திருந்தது.

"எனக்கும் புள்ளிதானே?" என்றேன்.

"உனக்கு எதுக்குப் புள்ளி? நீதான் பக்கத்துல உக்காந்திருக்கியே."

"அப்ப என்ன எழுதினே?"

"வேலையப் பாரு, வாத்தியாரே."

நூறு பேரைத் தாண்டும்போதே ஊர் கலங்க ஆரம்பித்துவிட்டது. ரொட்டிக் கடைக்காரி மாவோடு ஓடி வந்தாள். "எனக்கு என்னத்த அனுப்பிட்டு அழிச்சே? எங்க அண்ணனா? சொல்லித் தொலை!" ஒரு தையற்காரர் வாசலில் நின்று, "நானே செத்துட்டேனோன்னு பயந்துட்டேன். என் படம் எதுவும் உன்கிட்ட வரலியே?" என்று கேட்டார். தேவாலயப் பாட்டுக்குழுவில் பாதிப் பேர் வீட்டில் விளக்கேற்றி உட்கார்ந்துவிட்டார்கள் என்று சேதி வந்தது. செர்வா எல்லாருக்கும் ஒரே பதிலைச் சொன்னாள். "போன யாரோ திருடிட்டாங்க. ஊருக்கே போயிருக்கு. நான் அனுப்பினா நம்பாதீங்க. நேர்ல வந்தா மட்டும் நம்புங்க." அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு முறை சொல்லும்போதும் அவள் சுவரில் இருந்த அம்மாவைப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை அக்யா அம்மா கிழங்கு லாரியிலிருந்து இறங்கினார். நாங்கள் கடைக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தோம். சுமைகளை எண்ணி இறக்கிவிட்டு மடியிலிருந்து போனை எடுத்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு சாலையைக் கடந்து நேராக எங்கள் கடையை நோக்கி வந்தார். அசியாமாவின் போஸ்டர் மேசையில் கவிழ்த்து வைத்திருந்தது. செர்வா அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

அவர் வாசலில் கால் வைப்பதற்குள் ரொட்டிக் கடைக்காரி குறுக்கே விழுந்தாள். "அக்யா அக்கா! உங்களுக்கும் வந்துச்சா? இவ ஊருக்கே சாவு ஓலை அனுப்பி அழிச்சிருக்கா! நான் நேத்து பாதி மாவு அடுப்புலயே கருக விட்டுட்டேன்." தன் போனைத் தூக்கிக் காட்டினாள். பக்கத்தில் நின்ற சுமை தூக்குபவரும் தன் போனைக் காட்டினார். லாரி நிலையம் முழுக்கச் சிரித்தது.

அக்யா அம்மா அந்தப் போன்களை ஒவ்வொன்றாக வாங்கிப் பார்த்தார். பிறகு அவரும் சிரித்தார். "செர்வா, தண்ணி இருக்கா? வெயில் கொளுத்துது" என்றார்.

செர்வா எழுந்திருக்கவில்லை. தண்ணீர்ப் பாக்கெட் அவள் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. அன்று அவள் கையால் அந்தத் தண்ணீரைக் கொடுக்க அவளால் முடியவில்லை. நான்தான் எடுத்துக் கொடுத்தேன். அவர் குடித்தார். நாங்கள் எதுவும் சொல்லவில்லை. அவர் பாக்கெட்டை மடித்துக் குப்பையில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்.

சனிக்கிழமை காலை ஒபுவோபி மாமா தண்ணீர் கொடுத்து, முறைப்படி சொன்னார். அக்யா அம்மா விழவில்லை என்று கேள்விப்பட்டோம்.

ஒரு மாதம் கழித்து, மகனின் சடங்குகள் முடிந்த பிறகு, துக்கத்துக்கு வந்தவர்களுக்கு நன்றி அட்டை அடிக்க அவர் கடைக்கு வந்தார். வேலை பேசி முடித்ததும் தன் போனைச் செர்வாவிடம் கொடுத்தார்.

"அன்னைக்கு ரொட்டிக்காரி காட்டினது சாயங்காலம் நாலரை மணி. மூட்டைக்காரனோடது அஞ்சு. எனக்கு வந்தது பகல் பன்னிரண்டே முக்கால்."

"அம்மா..." என்றாள் செர்வா.

"நான் கிழங்கு வியாபாரம் பண்றவ. எது முதல்ல வந்த மூட்டை, எது அப்புறம் கலந்து வச்சதுன்னு பாத்தா தெரியாதா?"

"அப்ப ஏன்மா சிரிச்சீங்க?"

"நீ போஸ்டர் மேல உக்காந்திருந்தே. ஊரையே கலக்கி வச்சிருந்தே. எனக்காக இவ்வளவு பாடு பட்டிருக்கே. நான் அங்க அழுதா என் தம்பிக்கு சொல்ல என்ன மிச்சம் இருக்கும்? ஒரு ராத்திரிதானே. என் பிள்ள ஊருக்குப் போயிருக்கான்னு நெனச்சுட்டுப் படுத்தேன்."

அதன் பிறகு செர்வா போஸ்டர்களில் பிறந்த நாளும் மாதமும் போடுவதை நிறுத்தினாள். வருடம் மட்டும். தாயின் பெயர் வேண்டுமென்றால் வீட்டில் வைக்கும் ஒரே பிரதியில் போட்டுத் தருவாள். சண்டைக்கு வந்தவர்களிடம் சண்டை போட்டாள். கணக்குக்கு ஆறு இலக்கத்தில் ஒரு ரகசிய எண் வைத்தாள். "நானே வந்து கேட்டாலும் சொல்லக் கூடாத எண்" என்று சொல்லி எனக்கும் சொல்லவில்லை. சந்தை நாளான வியாழக்கிழமைகளில் வியாபாரப் பெண்கள் அவளிடம் போனை நீட்டி, "எனக்குள்ள யாராச்சும் இருக்காங்களா பாரு" என்பார்கள். அவள் அந்தப் பட்டியலைத் திறந்து காட்டுவாள். மீன்காரி ஒருத்திக்கு ஒரு கம்ப்யூட்டர் அதிகமாக இருந்தது. விசாரித்தால் அது அவள் புருஷன். அன்று மீன் சந்தையில் கத்தியைத் தீட்டும் சத்தம் நெடுநேரம் கேட்டது.

சாவு வீட்டுக்காரர்கள் யார் அழைத்தாலும் ஒரே பதில். "நேர்ல வாங்க. உக்காருங்க. தண்ணி குடிங்க. அப்புறம் சொல்லுங்க."

போன வருடம், வெளியூரான கேப் கோஸ்டில் தேர்வுத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். அன்று காலையிலிருந்து என் போன் ஒலிக்கவே இல்லை. பள்ளியிலிருந்து, கடையிலிருந்து, ரஹினாவிடமிருந்து, எவரிடமிருந்தும் ஒரு செய்தி இல்லை. இருட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் திருத்தும் கூடத்தின் வாசலில் செர்வாவின் தாய்மாமன் நிற்பதைப் பார்த்தேன். பஸ் புழுதி அவர் தோளில் அப்படியே இருந்தது. கையில் தண்ணீர்ப் பாக்கெட். உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன். அக்யா அம்மாவைப் போலவே நானும் அவர் சொல்லும் வரை காத்திருந்தேன்.

அவள் கடையில், கம்ப்யூட்டர் முன்னால், நாற்காலியில் இருந்தபடியே போயிருக்கிறாள். போஸ்டரை ரஹினா அடித்தாள். பிறந்த தேதி இல்லை, வருடம் மட்டும்.

கடைப் போனை நான் சார்ஜில் வைத்திருக்கிறேன். இன்னும் படங்கள் வருகின்றன. சென்ற வாரம் மெதுவான குரலில் ஒருவர் அழைத்தார். செர்வாவின் வீட்டுக்காரர்தானே என்றார். ஒரு பெரிய வீட்டுச் சாவு, வெளியே சொல்ல முடியாது, ஒரு எண் வரும், படித்துச் சொல்லுங்கள் என்றார். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே மேசைமேல் போன் ஒளிர்ந்து, ஆறு இலக்கங்கள் வந்து நின்றன.

"நேர்ல வாங்க" என்றேன். "உக்காருங்க. தண்ணி குடிங்க. அப்புறம் சொல்லுங்க."

அவர் துண்டித்துவிட்டார்.

என் போனில் அவளோடு பேசியதெல்லாம் அப்படியே இருக்கிறது. அந்த வியாழக்கிழமைக்குப் போனால், பன்னிரண்டே முக்காலுக்குச் சற்று முன்பு அவள் இல்லாத ஒருவர் அவளாக எழுதிய இரண்டு வரிகள், ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக, இன்னும் இருக்கின்றன. அதற்கு அடியில் நாலு மணி பத்து நிமிடத்துக்கு அவளே எழுதிய ஒன்று. இந்தச் செய்தி நீக்கப்பட்டது.